அக்கா, ஒரு கையெழுத்து

நெல்லித்தோப்பில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் முதலில் கண்ணில் படுவது கம்பிகள்தான். தூண்களுக்கு மேலே இரண்டடி, மூன்றடி நீட்டி விட்ட இரும்புக் கம்பிகள். சில வீடுகளில் துரு ஏறிச் செதில் செதிலாக உதிர்கிறது. சில வீடுகளில் சாந்து பூசி மூடி வைத்திருக்கிறார்கள். எதற்கு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்: "பையன் பின்னாடி மாடி எடுப்பான்." பொண்ணு எடுப்பாள் என்று சொன்ன ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. அடுத்த தளம் யாருக்கு என்பது முதல் தளத்தின் காங்கிரீட் காய்வதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

ஊர்ப் பேரில்தான் தோப்பு இருக்கிறது. உள்ளே திரும்பினால் சின்னச் சின்ன மனைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கவாட்டில் இழுக்க இடமில்லை. வீட்டைப் பெரிதாக்குவது என்றால் மேலே போவதுதான். அதற்கு முன்னேற்பாடு என்னென்ன என்று ஆண்களைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். அஸ்திவாரம் தாங்குமா என்று இன்ஜினியரை வைத்துப் பார்க்க வேண்டும். பிளான் போட வேண்டும். நகர அமைப்புக் குழுமத்தில் அனுமதி வாங்க வேண்டும். மேஸ்திரியிடம் சதுர அடி ரேட் பேச வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போக வேண்டும். பழைய வீடாக இருந்து பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் அதற்கு மொழிபெயர்ப்பு.

இந்தப் பட்டியலில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்குவது. அப்பா பேரில் இருக்கும் வீடு, அப்பா இல்லை. வீட்டின் மேல் கடன் வாங்க வேண்டுமானால் அது யாருடையது என்று பேங்க் கேட்கும். அப்போதுதான் பல குடும்பங்களுக்கு ஞாபகம் வருகிறது, கட்டிக் கொடுத்து அனுப்பிய பெண்ணுக்கும் இந்த வீட்டில் பங்கு இருக்கிறது என்று. ஞாபகம் வந்த உடனே அதை இல்லாமலாக்க வேண்டிய அவசரமும் வருகிறது. நம் ஊரில் மகள்கள் பிறந்த வீட்டுப் பங்கை இழப்பது பெரும்பாலும் கோர்ட்டில் நடப்பதில்லை. சண்டையில்கூட நடப்பதில்லை. மாடி எடுக்கும் சந்தோஷத்தில், காபி டம்ளர் கையில் இருக்கும்போதே நடக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஆடி மாதம் பேச்சு தொடங்கியது. ஆடியில் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள், பேச்சைத் தொடங்கலாம். தம்பி வந்தான். "அக்கா, ஒரு கையெழுத்துதான். பேங்க்ல கேக்கறாங்க. ஆவணியில பூஜை போட்டுடலாம்னு இருக்கேன்." அவன் நல்லவன். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்தவன். நல்ல தம்பிகளிடம்தான் அக்காமார் எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நான் வாங்கிப் படித்தேன். விடுதலைப் பத்திரம். அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு, எந்தப் பிரதிபலனும் பெறாமல், மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியதைகளையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று இருந்தது. நம் குடும்பங்களில் அன்பு என்ற சொல் ஸ்டாம்பு பேப்பரில் ஏறுவது பெண்கள் எதையாவது விட்டுக்கொடுக்கும்போது மட்டும்தானா என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறார்கள். மாடி கட்டத் தேவை சம்மதம். விடுதலை தேவையில்லை. இரண்டும் வேறு வேறு. எல்லா வாரிசுகளும் சேர்ந்து, எல்லோர் பேரிலும் பிளானுக்கு விண்ணப்பிக்கலாம். எல்லோரும் சேர்ந்து பேங்கில் அடமானம் எழுதிக் கொடுக்கலாம். யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காமலே செங்கல் வந்து இறங்கும். "பேங்க்ல கேக்கறாங்க" என்பது பாதி உண்மை. பேங்க் கேட்பது சொத்துக்காரர்கள் எல்லோருடைய கையெழுத்தையும். சொத்துக்காரர்களின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டால் வேலை சுலபம் என்பது வீட்டு ஆண்களின் கண்டுபிடிப்பு.

என் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய மனை அது. உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தம்பி மூவருக்கும் சமபங்கு. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் பங்கு இருப்பது வேறு, கேட்க முடிவது வேறு என்பதை இந்தச் சட்டமே வெகுகாலம் சொல்லி வந்தது. 1956இல் எழுதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் முழுக்கக் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. மகள் அந்த வீட்டில் தங்கலாம், ஆனால் அவள் கல்யாணமாகாதவளாகவோ, புருஷன் விட்டுப்போனவளாகவோ, பிரிந்து வந்தவளாகவோ, விதவையாகவோ இருக்க வேண்டும். அதாவது வாழ்க்கை கெட்டுப்போனால் கதவு திறக்கும். நிலத்தில் பங்கு கேட்கலாம், கடையில் பங்கு கேட்கலாம், பிறந்து வளர்ந்த வீட்டில் மட்டும் அண்ணன் தம்பி மனசு வைக்க வேண்டும். புதுச்சேரிக்கு இந்தச் சட்டம் 1963இல் வந்தது. அந்தப் பிரிவை நீக்கியது 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம். 42 வருடம் இந்த ஊர்ப் பெண்கள் அதன் கீழ் இருந்திருக்கிறார்கள். பிரிவு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று இன்றைக்கும் சொல்லும் அத்தைகள், சட்டமே அப்படிச் சொன்ன காலத்தில் வளர்ந்தவர்கள்.

"கல்யாணத்துக்குத்தான் அவ்வளவு செஞ்சாங்களே" என்பது அடுத்த வாதம். வரதட்சணை 1961 முதல் குற்றம். குற்றமான ஒரு கொடுப்பினையை வாரிசுப் பங்கின் அட்வான்ஸாக எப்படிக் கழிக்க முடியும்? சரி, சட்டத்தை விடுங்கள். கணக்காவது சரியாக இருக்கட்டும். மகளுக்குப் போட்ட நகையும் செய்த சீரும் போனது மாப்பிள்ளை வீட்டுக்கு. மகன் கல்யாணத்தில் மண்டபமும் விருந்தும் இல்லையா? அதை அவன் பங்கில் கழித்த குடும்பத்தைக் காட்டுங்கள். இன்னொரு வாதம், அம்மாவைத் தம்பிதானே பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்வது யார் என்று எனக்குத் தெரியும். காலையில் கஷாயம் வைப்பது, துணி துவைப்பது, மாத்திரையை எண்ணி எடுத்து வைப்பது தம்பி மனைவி. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடமும் ஆண் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது. பராமரிப்புக்காகப் பங்கு என்றால் அந்தப் பங்கு அவளுக்கல்லவா போக வேண்டும்? அவள் பேர் அந்தப் பத்திரத்தில் எங்கே?

இல்லை. அதுதான் விஷயம். என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பும் அந்தப் பத்திரம் அவளை உள்ளே கொண்டுவரவும் இல்லை. ஆனால் மாடி யார் காசில் எழப்போகிறது? அவளுடைய 14 பவுன் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருந்தது. கடனுக்கு அவளும் இணை விண்ணப்பதாரர், ஏனென்றால் அவள் தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள், அவள் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் கேட்ட தொகை வரும். பேங்க் நடைமுறையைக் கவனியுங்கள். சொத்தில் பேர் உள்ளவர்கள் எல்லோரும் கடனிலும் சேர வேண்டும் என்பார்கள். கடனில் சேருகிறவருக்குச் சொத்தில் பேர் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தவணை கட்டாவிட்டால் அவளைத் துரத்தலாம். தவணை கட்டி முடித்தால் வீடு அவன் பேரில். வட்டிக்கு வருமான வரியில் கழிவு கேட்கக்கூட வீட்டுக்கு உரிமையாளராக இருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் போகும், கழிவு கிடையாது.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண்ணுக்கென்று ஓர் அறை கேட்டபோது கூடவே ஆண்டுக்கு 500 பவுண்டும் கேட்டார். நம் வீடுகளில் பவுன் எதிர்த் திசையில் ஓடுகிறது.

சீதனம் மனைவிக்கு மட்டுமே சொந்தம், கணவன் கையில் இருந்தாலும் அவன் அதற்குக் காவல்காரன் மாதிரிதான் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. நகை நகையாக இருக்கும்வரை அது செல்லும். சிமென்டும் கம்பியுமாக மாறி இன்னொருவர் பேரில் உள்ள சுவருக்குள் போன பிறகு, அது என் நகை என்று நிரூபிக்க ரசீது, சாட்சி, வக்கீல், வருடங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தருகிறது. மாமனார் மாமியார் பேரில் உள்ள வீடானாலும் அது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்னது. நல்லது. ஆனால் துரத்தாமல் இருப்பதும் சொந்தமாக இருப்பதும் ஒன்றா?

நம்பிக்கை தரும் தீர்ப்பு ஒன்று உண்டு. 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னது. கணவர் சவுதியில் சம்பாதித்து அனுப்பினார், மனைவி ஊரில் குடும்பத்தை நடத்தினார், சொத்து வாங்கப்பட்டது, பிறகு யாருடையது என்று வழக்கு. வீட்டு வேலை பார்த்த மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தைச் சேர்க்க உதவியது, ஆகவே அவருக்குச் சரிபாதி என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனியாக ஒரு சட்டம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். சென்னை உயர் நீதிமன்றம் நமக்கும் உயர் நீதிமன்றம்தான். கொண்டாடலாம். கூடவே இதையும் பார்க்கலாம்: 1990களில் தொடுத்த வழக்கு அது.

இதில் புதுச்சேரிக்கு ஒரு வேடிக்கையான கதை இருக்கிறது. 1881இல் பிரெஞ்சு அரசு போட்ட ஆணைப்படி, சாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. ரெனோன்சான்கள் என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதும் அவர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கி வைத்தார்கள். பிரெஞ்சுச் சட்டத்தில், கல்யாணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்தது கணவன் மனைவி இருவருக்கும் பொது. கோவாவிலும் போர்த்துகீசியர் விட்டுப்போன சட்டத்தில் இந்தப் பொதுவுடைமை உண்டு, மனைவி சம்மதமில்லாமல் வீட்டை விற்க முடியாது. பிரெஞ்சுக்காரனை நினைத்து உருக வேண்டியதில்லை. பொதுச் சொத்தை ஆள்வதில் மனைவிக்குச் சம அதிகாரம் தர அவர்களுக்கே 1985 ஆனது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எழும் மாடி இருவருக்கும் உரியது என்ற எண்ணம் வானத்திலிருந்து விழுந்த விபரீதம் இல்லை. நம் ஊரிலேயே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதி வைத்திருந்த விஷயம். நாம்தான் பக்கத்து வீட்டுச் சட்டம் என்று விட்டுவிட்டோம்.

அரசு திட்டமும் இதே இடத்தில்தான் கால் இடறுகிறது. 2015இல் தொடங்கிய பிரதமர் ஆவாஸ் யோஜனா நகர்ப்புறத் திட்டத்தில், ஏழை, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வட்டி மானியத்துக்குப் புதிதாக வாங்கும் வீட்டில் பெண் பேர் கட்டாயம் என்றார்கள். சொந்த மனையில் கட்டுவதற்கும், இருக்கும் வீட்டை விரிவாக்குவதற்கும் அந்தக் கட்டாயம் இல்லை என்று கூடவே எழுதிவிட்டார்கள். ஃபிளாட் வாங்கினால் அவளும் உரிமையாளர். மாமனார் வீட்டு மாடி என்றால் அவள் பேர் வேண்டாம். நெல்லித்தோப்பு மாதிரி ஊர்களில் எத்தனை குடும்பம் ஃபிளாட் வாங்குகிறது, எத்தனை குடும்பம் மாடி எடுக்கிறது?

பிளானைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரைந்து கொண்டுவந்த பையன் தம்பியிடம் கேட்டான், கிச்சன் எங்கே என்று. தென்கிழக்கு என்றான் தம்பி. முடிந்தது. சமைக்கிறவளின் உயரம் என்ன, மேடை எந்த உயரம், ஜன்னல் எந்தப் பக்கம், மிக்ஸி எங்கே, கழுவின பாத்திரம் எங்கே என்று ஒரு கேள்வி இல்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். வசிப்பறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர். சமையலறைக்கு, தனியாகச் சாப்பாட்டு இடம் இருந்தால், 5 சதுர மீட்டர் போதும், அகலம் 1.8 மீட்டர். ஆறடிக்குச் சற்றுக் குறைவு. இதைவிட என்னை உட்கார வைத்தது வசிப்பறைக்கான விளக்கம். படிக்க, வாழ, தூங்க, சாப்பிடப் பயன்படும் அறைகள் வசிப்பறை. சமையலறையும் வசிப்பறையாகலாம், ஆனால் அதைக் கூடமாகவும் பயன்படுத்தினால் மட்டும். சும்மா சமைத்தால் கணக்கில் வராது. நாளைக்கு 289 நிமிட வேலையில் பெரும்பகுதி நடக்கும் அறையில் யாரும் வசிக்கவில்லை என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்த 289 நிமிடத்தை எங்கே நின்று செய்கிறோமாம், காற்றிலா?

எஸ்டிமேட்டில் வராத இன்னொன்று, தண்ணீர் விடுவது. காங்கிரீட் போட்டபின் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும், இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் கலப்பு சிமென்டுக்கு 10 நாள். இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிறது. மேஸ்திரி மாலை ஐந்துக்குப் போய்விடுவார். பாத்தி கட்டிய தளத்தில் காலையும் இரவும் தண்ணீர் ஊற்றுவது வீட்டுப் பெண்கள். வேலை நடக்கும் நாலைந்து மாதம் அடுப்பு வராந்தாவுக்கு வரும், சிமென்ட் தூசியில் சமையல், எட்டுப் பேருக்கு இரண்டு வேளை டீ. இது யார் கணக்கு?

அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் பெண்கள். சித்தாள்கள். சிற்றாள், அதாவது சின்ன ஆள். அவர்கள் சுமக்கும் அதே சட்டியைச் சுமக்கும் ஆண் பெரியாள், கூலியும் பெரிது. இருபது வருடம் கலவை சுமந்தாலும் கரண்டியை அவர்கள் கையில் கொடுப்பதில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996இல் வந்த சட்டம் வேலையிடத்தில் கழிப்பறை கேட்டது, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் கேட்டது. சொந்த வீடு கட்டிய தனி ஆள், செலவு 10 லட்சத்துக்குள் இருந்தால், அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. எங்கள் மாடி போலச் சின்ன வேலைகள் நடக்கும் வீட்டில் சித்தாள் எங்கே போவாள்? பக்கத்துக் காலி மனைக்கு, அல்லது தண்ணீரே குடிக்காமல் மாலை வரை. என் பங்கைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் விட்டால் நான் பேசியது வெறும் குடும்பச் சண்டை. கீழ் வீட்டுக் கழிப்பறையை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்க வேண்டும் என்று சொன்னேன். கூலி விஷயத்தில் தம்பி தோளைக் குலுக்கினான். கழிப்பறை விஷயத்தில் எதிர்த்தது அம்மா. "கண்டவங்களும் வந்து போற எடமாடி இது?" அந்தக் கண்டவர்கள் என்ற சொல்லுக்குள் என்ன சாதி இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அம்மாவும் விடுதலை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தாள். "எனக்கு எதுக்குடி பங்கு, இன்னும் எத்தனை நாளைக்கு?" சொந்த வீட்டில் விருந்தாளியாவதற்கு அவ்வளவு அவசரம். பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007இல் வந்தது. எழுதிக் கொடுத்தபின் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கியது என்பது தெரிய வேண்டும், பத்திரத்தில் எழுதினால் வம்பில்லை. இதுவும் 23ஆம் பிரிவுதான், இந்த எண் நம்மை விடாது போல. "பெத்த புள்ளகிட்ட கண்டிஷன் போடுவாங்களா?" என்றாள் அம்மா. பேங்க் போடுகிறதே அம்மா, அதற்கென்ன கோபமா வருகிறது?

தம்பி மனைவி ஒரு நாள் தனியாக வந்தாள். "அண்ணி, நீங்க கையெழுத்துப் போடலன்னா வேலையே ஆரம்பிக்காது. மழை வந்துடும்." பயந்து போயிருந்தாள். நாத்தனாரும் வீட்டு மருமகளும் எதிரிகள் என்று நம் சீரியல்கள் நமக்கு ராத்திரி ராத்திரி பாடம் எடுக்கின்றன. யோசித்துப் பாருங்கள், அவள் பறிக்க என்னிடம் என்ன இருக்கிறது, நான் பறிக்க அவளிடம் என்ன இருக்கிறது? என் பேர் வெட்டப்படுகிறது, அவள் பேர் எழுதப்படவே இல்லை. உன் பேரையும் கேள் என்றேன். "கேட்டா என்னை மட்டும்தான் பேசுவாங்க அண்ணி, குடும்பத்தப் பிரிக்க வந்தவன்னு." உண்மைதான். அதனால் அவளுக்காக நான் கேட்கிறேன், எனக்காக அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும் என்று சொன்னேன்.

தம்பியிடம் நான் கொடுத்தது மூன்று பக்கம். விடுதலைப் பத்திரம் கிடையாது. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்வோம். மனையில் மூவருக்கும் பிரிபடாத சமபங்கு. கீழ்த் தளம் அம்மா இருக்கும்வரை அம்மாவின் அனுபவத்தில், அவளைக் கேட்காமல் ஒரு சுவரையும் இடிக்கக் கூடாது. மேல் தளம் கட்டிக்கொள்ளும் உரிமை தம்பிக்கு, அதை அவன் தன் பேரிலும் மனைவி பேரிலும் சேர்த்து எழுத வேண்டும். அவள் நகை விற்ற பணம் அவள் கணக்குக்கு வந்து, அங்கிருந்து போக வேண்டும், கையில் வாங்கிக் கையில் கொடுப்பது கூடாது. கடனில் எத்தனை பேர் கையெழுத்தோ அத்தனை பேரும் பத்திரத்தில். பிளான் போடும் பையன் அவளோடு ஒரு மணி நேரம் சமையலறையில் நிற்க வேண்டும். கழிப்பறை, கூலி. எல்லாம் அஸ்திவாரத்தைச் சோதிக்க வருவதற்கு முன். வேலை தொடங்கிவிட்டால், பாதிச் சுவர் எழுந்து நிற்கும்போது, யாராலும் எதையும் கேட்க முடியாது. அரைகுறை வீட்டைக் காட்டி அழுதே வாங்கிவிடுவார்கள்.

வக்கீலிடம் காட்டினானாம். சட்டப்படி தடை ஒன்றுமில்லை, ஆனால் நம்ம பக்கம் வழக்கமில்லையே என்றாராம் அவர். ஆவணி போனது, புரட்டாசி போனது, இப்போது ஐப்பசி மழை, எப்படியும் தை வரை யாரும் கலவை போட மாட்டார்கள். "உன்னால மூணு மாசம் போச்சு" என்று தம்பி போனில் கத்தினான், மறுநாள் மழை நின்றதா என்று விசாரித்தான். அவள் நேற்று கூப்பிட்டாள். பதிவுக்கு ஆதார் நகல் எத்தனை எடுக்கணும் அண்ணி, போட்டோ பாஸ்போர்ட் சைஸா என்று கேட்டாள்.